வயர் தின்ன வெளிச்சம்

உக்காருங்க, உக்காருங்க. பையை நான் எடுத்துக்கறேன். இப்ப உள்ள கூட்டிட்டுப் போனாங்களே, அவரு உங்க அப்பாங்களா? புரைங்களா? அப்படின்னா ரெண்டு மணி நேரமாவது ஆகும். பயப்படாதீங்க, இப்பெல்லாம் அது நெம்ப சுலபமுங்க.

எனக்கா? எனக்குக் கண்ணுல ஒண்ணுமே இல்லீங்க. சும்மா அனுப்பிச்சிருக்காங்க. எங்க கம்பெனியில ஒரு புள்ள ஏதோ சொல்லுச்சு, என்ற மச்சான் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாரு, சரி, இவங்க மனசு குளிரட்டும்னு நானும் வந்து உக்காந்திருக்கேன். டோக்கன் எழுபத்தி மூணு. இப்பத்தான் அம்பத்தெட்டு கூப்பிட்டாங்க. நேரம் கெடக்குது. சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

என்ற பேரு தெய்வசிகாமணி. குறிச்சிப் பக்கம் மச்சானோட கம்பெனி. மச்சான்னா என்ற சம்சாரத்தோட அண்ணன், நாச்சிமுத்து. ஹாஸ்டலு, கல்யாண மண்டபம், இங்கெல்லாம் சோறாக்கற நீராவி அண்டா செய்யறோம். பார்த்திருப்பீங்க. உள்ள ஒரு எவர்சில்வர் அண்டா, அதைச் சுத்தி வெளியில சட்டை போட்ட மாதிரி இன்னொரு தகடு, ரெண்டுக்கும் நடுவுல நீராவி. அடுப்பும் கெடையாது, தீயும் கெடையாது. அந்த ரெண்டு தகடும் சேர்ற இடத்துல வெல்டு வெக்கறோம் பாருங்க, அதுதான் உசிரு. அது பிரிஞ்சா நீராவி பாஞ்சு வந்து பக்கத்துல நிக்கறவங்களை வேக வெச்சுப்போடும். அதனால வெல்டு விசயத்துல நான் நெம்பக் கண்டிப்பு.

நான் அங்க ப்ரொடக்சன் மேனேஜர். படிச்சது பி.காம். அதுக்கு முன்னால பீளமேட்டுல ஜவுளிக்கடை வெச்சிருந்தேன். அது ஓடல, அது வேற கதை. ஆனா துணி வித்த கண்ணு பாருங்க. ஒரு தையலு நேரா இருக்குதா கோணையா இருக்குதான்னு நாலு அடி தள்ளி நின்னே சொல்லிப்போடுவேன். வெல்டும் ஒரு தையல்தானுங்களே?

போன வருசம் வெல்டு வெக்கறதுக்கு லேசர் மிசினு வாங்கினோம். வாங்க வெச்சதே நான்தான். பெங்களூர்ல ஒரு கண்காட்சி. அங்க ஒருத்தன் துப்பாக்கி மாதிரி ஒண்ணைக் கையில புடிச்சுக்கிட்டு ரெண்டு தகடை நாலே விநாடியில ஒட்டிக் காட்டினான். அதுல வர்ற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாதுங்க. தகடு உருகறது தெரியும், தீப்பொறி தெரியும், ஆனா உருக்கற வெளிச்சம் தெரியாது. மச்சான் வேணாம்னாரு. நான் விடல.

இங்க ஒரு சின்ன சங்கதி சொல்லோணும். ரெண்டு தகடும் ஒட்டி உக்காந்தா வெளிச்சம் மட்டும் போதும். எங்க தகடு வளைஞ்சு வர்றப்ப அங்கங்க ஒரு மில்லி இடைவெளி விழுந்துடும். அதை அடைக்கறதுக்கு ஒரு மெல்லிசுக் கம்பி, வயருன்னு சொல்லுவோம், சுருள்ல இருந்து தானா நகர்ந்து வந்து துப்பாக்கி மூக்குல வெளிச்சத்துக்குள்ள நுழையும். நுழைஞ்சு, உருகி, இடைவெளியில எறங்கிக்கும். வயரு எவ்வளவு வேகமா வரோணும்னு திருகறதுக்கு ஒரு குமிழ் இருக்குது. அவ்வளவுதானுங்க மிசினு. இதுல என்ன பெரிய வித்தை இருக்குதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

மிசினு வந்தாச்சு, ஓட்டறதுக்கு ஆள் வேணும். ஜெசிந்தா வந்துச்சு. திண்டுக்கல் பக்கத்துப் புள்ள. புள்ளைன்னா சின்னப் புள்ள இல்லீங்க, முப்பத்தாறு வயசு, பத்தாவது படிக்கற மகள் இருக்குது. மெட்ராஸ் பக்கம் ஒரு பெரிய ஃபேக்டரியில எட்டு வருசம் இதே வேலை பார்த்துச்சாம். வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூர்ல வேலை மாறினதால இங்க வந்துச்சு. நான்தான் இண்டர்வியூ பண்ணினேன். "ஏம்மா, கோடு நேரா வருமா?"ன்னு கேட்டேன். "கோடு நேரா வர்றது பெருசில்ல சார், அடி வரைக்கும் சேரணும்"னுச்சு. பதில் கொஞ்சம் திமிரா இருந்துச்சு. இருந்தாலும் எடுத்தேன். என்ற மனசு அப்படி.

வந்த மூணு நாளும் ஒரு அண்டா கூட செய்யலீங்க! துண்டுத் தகடை வெச்சுக்கிட்டு வயரை அரை மில்லி மேல தூக்கும், அரை மில்லி கீழ எறக்கும். ஒரு கோடு போடும், அறுத்துப் பார்க்கும், நோட்டுல எழுதும். மறுபடி ஒரு கோடு. என்னம்மா விளையாட்டுன்னு கேட்டேன்.

"வயரு வெளிச்சத்துல எந்த எடத்துல விழுதுங்கறதுதான் சார் எல்லாமே"ன்னுச்சு. "மேல தூக்கி விழுந்துச்சுன்னா, கீழ போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே உருகி உருண்டையா நிக்கும். அப்புறம் சொட்டு சொட்டா விழும், தெறிக்கும். ரொம்பக் கீழ போச்சுன்னா உருகாமலே தகட்டுல முட்டி நிக்கும், துப்பாக்கியவே பின்னாடி தள்ளும். நடுவுல ஒரு எடம் இருக்கு சார். அங்க வெச்சா வயரோட நுனி உருகின கொழம்புக்குள்ளயே தொட்டுக்கிட்டு நிக்கும். சொட்டே விழாது, பாகு மாதிரி எறங்கும்."

நான் குனிஞ்சு பார்த்தேன். "கையை ஆட்டாம புடி, சரியாப்போகும்"னேன். மறுநாளு பாருங்க, சரியாப்போச்சு. சொட்டு இல்ல, தெறிப்பு இல்ல, சத்தம் கூட ஒரே சீரா வந்துச்சு. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காரணம். அதை அந்தப்புள்ள யார்கிட்டயாவது சொல்லியிருக்கும்னு நினைக்கறீங்க? வாயே தொறக்கல.

அம்பத்தொம்பது கூப்பிடறாங்க. இருங்க, என்றது இல்ல.

ஆறு மாசம் நல்லாத்தான் போச்சு. ஆனா எனக்கு ஒரு குறை. அந்தப்புள்ள வெக்கற கோடு எடுப்பா இல்ல. தகட்டோட மட்டமா, ஒல்லியா, இருக்குதா இல்லையான்னே தெரியாத மாதிரி கெடக்கும். காசு குடுத்து வாங்கறவன் தடவிப் பார்த்தா கையில ஏதாவது தட்டுப்பட வேணாங்களா? நல்ல சேலைக்குக் கரை எடுப்பா இருக்கோணும். ஒரு நாளு சாப்பாட்டு நேரத்துல அந்தப்புள்ள டிபன் பாக்ஸைத் திறந்துக்கிட்டு இருந்தப்ப, நான் போய் வயரு வேகக் குமிழை ஒரு திருகு திருகினேன். கொஞ்சந்தான். சரி, ஒண்ணரைத் திருகு.

சாப்பிட்டு வந்து ஒரு சாண் ஓட்டுச்சு. நிறுத்திடுச்சு. "சார், வயர் வேகத்தை யாரு கூட்டினது?"

"நான்தான். பாரு, இப்பத்தான் கோடு உருண்டு திரண்டு அம்சமா வருது."

"மேலதான் சார் அம்சம். வெளிச்சம் அதே அளவுதான் வருது. வயர் ஜாஸ்தி வந்தா அதை உருக்கவே வெளிச்சம் செலவாயிடும். மொத்தத்தையும் வயரே தின்னுடும் சார், தகட்டுக்கு மிச்சம் இருக்காது. மேல உருகின வயர் படுத்துக் கெடக்கும், அடியில தகடு ரெண்டும் தனித்தனியாவே இருக்கும்."

வெளிச்சத்தை வயரு தின்னுமாம்! கேட்டீங்களா? நான் சிரிச்சுட்டேன். அந்தப்புள்ள சிரிக்கல. குமிழைப் பழைய இடத்துக்கே திருகிடுச்சு. மேனேஜர் வெச்சதை, மேனேஜர் கண்ணு முன்னாலயே. சுத்தியும் எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சரி, நானே செஞ்சு காட்டறேன்னு துப்பாக்கியை வாங்கிட்டேன்.

அப்ப அவசரமா ஒரு ஆர்டர். பொள்ளாச்சிப் பக்கம் நர்சிங் படிக்கற பொண்ணுங்க ஹாஸ்டலு. நாலு அண்டா. அந்தப்புள்ளயை மத்த வேலைக்கு அனுப்பிச்சுட்டு ரெண்டு நாளு நானே வெல்டு வெச்சேன். நாலும் நானே. குமிழைத் திருகி, துப்பாக்கியைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சு, ஆஹா, கோடு என்ன கோடுங்க அது! விரலை வெச்சா தட்டுப்படுது. கொஞ்சம் சொட்டிச்சு, தெறிச்சுது, அது உருகறப்ப இருக்கறதுதான்.

அந்த மிசினுக்குன்னே கண்ணுல போட்டுக்க ஒரு பச்சைக் கண்ணாடி இருக்குது. போட்டா கோடு நல்லாத் தெரிய மாட்டேங்குது. கழட்டி வெச்சுட்டு என்ற கூலிங் கிளாசையே போட்டுக்கிட்டேன். அந்தப்புள்ள அக்கட்டால இருந்து ஓடி வந்து, "சார், கண்ணாடி! வயரு பளபளன்னு இருக்கு சார், மேல தூக்கினா வெளிச்சத்தைத் திருப்பி எறியும், கண்ணுக்குத் தெரியாது சார், உள்ள சுட்டுடும்"னு கத்துச்சு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கண்ணை எப்படிம்மா சுடும்னு கேட்டேன். பதில் சொல்ல வந்துச்சு, நான் மிசினைப் போட்டுட்டேன், சத்தத்துல கேக்கல.

மறுநாளு காலையில பேப்பர் படிக்கறப்ப வலது கண்ணுக்கு நடுவுல சின்னதா ஒரு மங்கல் இருந்துச்சு. சர்க்கரை இருக்குதுங்க எனக்கு, அதுதான். இல்லாட்டி பிரிண்டு சரியில்ல. இப்பெல்லாம் பேப்பர்காரங்க மை போடறதே இல்ல.

அப்பறம் சனிக்கெழமை மூணு அண்டாவை லாரியில ஏத்திவிட்டுட்டேன். நாலாவதுக்கு மூடி வரல, நின்னுபோச்சு. தண்ணி அடைச்சு அழுத்திப் பார்க்கற டெஸ்டு ஒண்ணு உண்டு, அதை ஜெசிந்தாதான் செய்யும். அது அன்னைக்கு லீவு, மகளுக்கு ஸ்கூல்ல ஏதோ மீட்டிங். கோடே இவ்வளவு திடமா இருக்கறப்ப டெஸ்டு எதுக்குங்க?

திங்கக்கெழமை காலையில நான் போறதுக்குள்ள அந்தப்புள்ள நாலாவது அண்டாவை அறுத்துப்போட்டிருக்குதுங்க! முழு அண்டாவை! வெல்டு இருக்கற இடத்துல ஒரு துண்டை வெட்டி எடுத்து, தேய்ச்சுப் பளபளப்பாக்கி, மச்சான் மேசை மேல வெச்சிருக்குது. மச்சான் மூஞ்சி வெளுத்துக் கெடக்குது.

"மாப்ளே, இதைப் பாருங்க"ன்னாரு. நகைக்கடைக்காரங்க வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி ஒரு சின்ன லென்சு. வாங்கி வலது கண்ணுல வெச்சுப் பார்த்தேன்.

"நூல் மாதிரி ஒரு கோடு தெரியுதில்ல? மேல மட்டுந்தான் வயரு. அடியில ரெண்டு தகட்டு ஓரமும் வெட்டின மாதிரியே நிக்குது. உருகவே இல்ல."

"கோடா? எங்கெ மச்சான்?"

"அட, நடுவுல!"

நான் நல்லாத்தானுங்க பார்த்தேன். நடுவுல ஒண்ணுமே இல்ல. ஒரு மங்கல், அவ்வளவுதான். அதைச் சுத்தி எல்லாம் தெளிவா இருக்குது. துண்டை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். எங்க திருப்பினாலும் அவங்க காட்டற இடத்துல ஒரு மங்கல். "ஏம்மா, சரியாத் தேய்க்கல நீ"ன்னு சொன்னேன். சத்தியமாச் சொல்றேன், கோடே இல்லீங்க.

அந்தப்புள்ள என்ற மூஞ்சியையே பார்த்துச்சு. கோவம் இல்ல, வேற என்னமோ. மெதுவாக் கேட்டுச்சு. "சார், லென்சை இடது கண்ணுல வெச்சுப் பாருங்களேன்."

ஒரு கண்ணுக்குத் தெரியாதது இன்னொரு கண்ணுக்கு என்ன தெரியப்போகுது? நான் வெக்கலீங்க. இது பேச்சை மாத்தற வேலை. வெல்டைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கறப்ப என்ற கண்ணைப் பத்தி எதுக்குப் பேசோணும்?

"மத்த மூணும் எங்கெ?"ன்னாரு மச்சான்.

"சனிக்கெழமையே அனுப்பிச்சுட்டேன். இன்னைக்குக் காலையில மாட்டியிருப்பாங்க."

அவ்வளவுதான். ரெண்டு பேரும் எழுந்து ஓடறாங்க. ஹாஸ்டலுக்குப் போன் பண்ணினா யாரும் எடுக்கல. மச்சான் காரை எடுத்தாரு. அழுத்திப் பார்க்கற கைப்பம்பைத் தூக்கிக்கிட்டு அந்தப்புள்ள முன் சீட்டுல ஏறிக்கிச்சு. முன் சீட்டுல! நான் பின்னால உக்காந்தேன். கிணத்துக்கடவு தாண்டறப்ப ஒரு டீ குடிக்கலாமான்னு கேட்டேன், யாரும் காது குடுக்கல.

ஹாஸ்டல் சமையக்கட்டுக்குள்ள போறோம். மூணு அண்டாவும் வரிசையா நிக்குது, பார்க்கவே லட்சணம். முதல் அண்டாவுல மதியச் சோத்துக்குத் தண்ணி ஊத்தி அப்பத்தான் நீராவியைத் திறந்திருக்காங்க. சமையக்கார அம்மா ஒண்ணு, குட்டையான ஆளு, கை எட்டாததால அண்டா மேல வயித்தைச் சாய்ச்சு நின்னுக்கிட்டு அரிசியைக் கொட்டுது. ஜெசிந்தா ஓடிப்போச்சு. அந்தம்மாவை ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்து அக்கட்டால தள்ளிட்டு, போய் வால்வை மூடிடுச்சு. அரிசி பூராவும் தரையில. நான் சொன்னேன், "பார்த்து, பார்த்து, அரிசி வீணாகுது"ன்னு.

அண்டா ஆற விட்டு, நீராவி போற இடத்துல தண்ணி அடைச்சு, கைப்பம்பை வெச்சு அழுத்துச்சு. அழுத்தம் காட்டற முள்ளு பாதி கூட ஏறல. பட்டு பட்டுன்னு ஒரு சத்தம். பாவாடை நாடா தெறிச்ச மாதிரி வெல்டு ஒரு முழம் பிரிஞ்சு தண்ணி பீச்சி அடிச்சுது. அந்தம்மா வயித்தை வெச்சு நின்ன அதே இடத்துல. ரெண்டாவதும் அப்படியே. மூணாவது கொஞ்சம் தாங்குச்சு, அதையும் விடாம அழுத்தி அழுத்திப் பிரிச்சுப்போட்டுது.

நான் மச்சான்கிட்டச் சொன்னேன், "பாருங்க, தண்ணிதானே வந்துச்சு, நீராவியா வந்துச்சு?"ன்னு. அவரு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாரு. சமையக்கார அம்மா ஜெசிந்தா கையைப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது, அழுகுது. ஏதோ ரெண்டு பேரக்குழந்தைங்க அதை நம்பித்தான் இருக்குதாம். எல்லாரும் அவங்களைச் சுத்தியே நின்னாங்க. வந்தவங்களுக்கு ஒரு காப்பி குடுக்கோணும்னு யாருக்கும் தோணல.

வர்ற வழியிலதான் ஜெசிந்தா மச்சான்கிட்ட சொல்லுச்சு. "சாரை மொதல்ல கண்ணு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அவரு பொய் சொல்லல, அவருக்கு நெஜமாவே அந்தக் கோடு தெரியல. தெறிச்ச வெளிச்சம் பட்டிருக்கும்."

எப்படிங்க இருக்கும் எனக்கு? பின் சீட்டுல நான் உக்காந்திருக்கறேன், என்னைப் பத்தி முன் சீட்டுல பேசறாங்க. இப்ப அந்தப்புள்ள ப்ரொடக்சன் இன்சார்ஜ். என்னை டெஸ்பாட்ச் பார்க்கச் சொல்லியிருக்காரு மச்சான். "மாப்ளே, கண்ணு சரியாகட்டும், பாத்துக்கலாம்"கறாரு. என்ற சம்சாரம் அண்ணன்கூட ஒரு வாரமாப் பேசல. பேசலைன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், பார்த்தா எனக்கு விசயமே சொல்லாம அவரு வீட்டுக்குப் போய் ரெண்டு நாளு இருந்துட்டும் வந்துட்டா. யாருக்காகப் போனாளோ தெரியல.

எழுபத்தி மூணா? கூப்பிட்டாங்களா? இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. இதோ, ஒரு நிமிசத்துல வந்துடறேன்.

...

அப்பா இன்னும் வரலீங்களா? எனக்கு ஒரு மணி நேரம் ஆக்கிப்போட்டாங்க. சொட்டு மருந்து ஊத்திட்டாங்க, எல்லாம் கலங்கலா இருக்குது. நீங்கதானே? நல்லது.

அந்த எழுத்துப் படிக்கற கூத்தைச் சொல்றேன். காலையில இருந்து இதே கதவுக்கிட்ட உக்காந்திருந்தேனுங்களா, பதினஞ்சு பேரு படிக்கறதைக் கேட்டே அஞ்சு வரியும் எனக்கு மனப்பாடம். உள்ள போனேன், இடது கண்ணை மூடச் சொன்னாங்க, மூடினேன். ட, ப, ய, க, ந, ம, கடகடன்னு அஞ்சு வரியும் சொல்லி முடிச்சேன். நர்சுப் புள்ள சிரிக்குது. "ஐயா, நான் இன்னும் போர்டுல லைட்டே போடலீங்க"ங்குது. லைட்டை மொதல்லயே போட வேண்டியது அவங்க வேலையா இல்லீங்களா? அப்பறம் போட்டுச்சு. பழைய போர்டு. ஓரத்துல எல்லாம் எழுத்து இருக்குது, நடுவுல அழிஞ்சு கெடக்குது. மாத்தச் சொல்லோணும்.

டாக்டர் நல்ல மனுசன். கண்ணுக்குள்ள போட்டோ எல்லாம் எடுத்தாரு. வலது கண்ணு நடுவுல ஒரு சுட்ட தழும்பாம். கடுகு அளவுதான். அது பழையபடி வராதுன்னாரு. வராதாமுங்க. இடது கண்ணு தப்பிச்சிருச்சு, இன்னும் நாலு நாளு அப்படியே ஓட்டியிருந்தா அதுவும் போயிருக்கும்னாரு.

போன் அடிக்குதுங்க. பேரு தெரியல, நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. யாரு? ஜெசிந்தாவா? குடுங்க, குடுங்க.

சொல்லும்மா... ஆமா, பார்த்தாச்சு... வலதுதான்... இல்ல, இடது நல்லா இருக்குதாம்... அழுகறியா என்ன? எதுக்கும்மா?... இல்ல, பஸ்ல போய்க்குவேன்... கலங்கலாத்தான் இருக்குது... சரி. சரி, வா. வாசல்லயே நிக்கறேன்.

கூட்டிட்டுப் போக வருதாம். வேலையை விட்டுட்டு. இன்சார்ஜ் ஆயிட்டா இப்படித்தான், நினைச்சப்ப வெளிய வரலாம்.

டாக்டர் கடைசியா ஒண்ணு கேட்டாருங்க. "இது வலிக்காது, நிறையப் பேரு கவனிக்காமயே விட்டுடுவாங்க. யாருங்க உங்களுக்கு இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னது?"ன்னு.

நானேதான் கண்டுபிடிச்சேன்னு சொன்னேன். பின்னே? கண்ணு யாரோடதுங்க?